பிணை நிற்பவர்கள்



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, நம் சபைச் சகோதரர் ஒருவர் தயக்கத்தோடு என் அருகில் வந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகளின் பள்ளியிலிருந்து வந்த சுற்றறிக்கை அது. பூஜை விடுமுறையில் மாணவ மாணவியரை ரோம், பிளாரன்ஸ், ஏதென்ஸ் ஆகிய பழமையான நகரங்களுக்கு அழைத்துச் செல்லவிருப்பதாகவும், விருப்பமுள்ள பெற்றோர் பத்து நாட்களுக்குள் முன்பணம் கட்ட வேண்டும் என்றும் அதில் அச்சிட்டிருந்தது.

"சிஸ்டர், நீங்கள் இப்படிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் வந்தவர்கள் அல்லவா? பி.எஃப். பணத்தில் கொஞ்சம் எடுத்து, வீட்டில் இருக்கிற நகையையும் வைத்தால் தொகை தேறிவிடும். அவள் வகுப்பில் பாதிப் பேர் பெயர் கொடுத்துவிட்டார்களாம். அனுப்பலாமா, சொல்லுங்கள்" என்றார்.

உடனே பதில் சொல்ல எனக்கு நாவு எழவில்லை. "ஒரு வாரம் பொறுங்கள், பிரதர்" என்று மாத்திரம் சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு வாரத்தில் நான் எண்ணிப் பார்த்தவைகளே இந்த மாதத்துப் பக்கம். ஊரை விட்டு வந்து கொல்கத்தாவிலும் மும்பையிலும் டெல்லியிலும் பிழைப்பு நடத்தும் உங்களில் அநேகருடைய வீடுகளுக்கும் இப்படிப்பட்ட தாள் ஒன்று என்றாவது ஒரு நாள் வந்தே தீரும்.

யூதா ஏற்றுக்கொண்ட பொறுப்பு

நான் இந்நகரத்துப் பள்ளி ஒன்றில் சரித்திரம் கற்பிக்கிறவள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே மூன்று நகரங்களுக்கு எங்கள் பள்ளியிலிருந்து 27 பிள்ளைகள் சென்றார்கள். அவர்களோடு சென்ற மூன்று ஆசிரியர்களில் நானும் ஒருத்தி.

அந்தப் பயணத்தில் நான் பார்த்த முதல் காட்சி ரோமாபுரியில் அல்ல, டம் டம் விமான நிலையத்தின் வாசலில். பெற்றோர் உள்ளே வரக் கூடாத அந்தக் கண்ணாடிக் கதவின் அருகே, ஒரு வங்காளப் பாட்டியம்மாள் தம் பேரனின் கையைப் பிடித்து என் கையில் வைத்தார்கள். "ஆப்னார் ஹாதே திலாம்" என்றார்கள். உங்கள் கையில் கொடுத்துவிட்டேன் என்பது அதன் பொருள். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த வார்த்தை என்னை ஆதியாகமத்துக்குக் கொண்டுபோயிற்று. பஞ்ச காலத்தில் பென்யமீனை எகிப்துக்கு அனுப்ப யாக்கோபு மனமில்லாதிருந்தார். ரூபன் முன்வந்து, தான் தம்பியைத் திரும்பக் கொண்டுவராவிட்டால் தன் இரண்டு குமாரரைக் கொன்றுபோடும்படி சொன்னான். எவ்வளவு பெரிய பேச்சு! ஆனாலும் யாக்கோபு அசையவில்லை. பிறகு யூதா வந்தான். பெரிய சபதம் ஒன்றும் செய்யாமல், தம்பிக்காகத் தானே பிணை நிற்பதாகவும், அவனைக் குறித்துத் தன்னையே கணக்குக் கேட்கலாம் என்றும் சொன்னான். அப்பொழுதுதான் தகப்பன் பிள்ளையை அனுப்பினார் (ஆதியாகமம் 42, 43).

மற்றவர்களுடைய பிள்ளைகளை அழைத்துச் செல்லுகிறவர் வழிகாட்டியும் அல்ல, சுற்றுலாப் பயணியும் அல்ல. அவர் பிணையாளி. ஒவ்வொரு பிள்ளையைக் குறித்தும் அவரிடம் கணக்குக் கேட்கப்படும். இதை நான் வேதத்தில் படித்திருந்தேன். ஆனால் கற்றுக்கொண்டது ரோமாபுரியின் சுரங்க ரயில் நிலையத்தில்.

பதினொரு நிமிடங்கள்

ரோமில் எங்களுக்கு அது இரண்டாம் நாள். தெர்மினி என்னும் பெரிய நிலையத்திலிருந்து கொலோசியம் அரங்கத்துக்குச் சுரங்க ரயிலில் இரண்டே நிறுத்தங்கள். காலை நேரத்துக் கூட்டம். எங்கள் எஸ்பிளனேட் நிலையத்தின் நெருக்கடியைப் பார்த்துப் பழகிய எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. ரயில் வந்தது, பிள்ளைகள் ஏறினார்கள். "எல்லோரும் ஏறிவிட்டீர்களா?" என்று உரக்கக் கேட்டேன். "யெஸ், மிஸ்" என்று பல குரல்கள் ஒருமித்துச் சொல்லின. கதவு மூடிற்று.

ரயில் நகர்ந்த பிறகுதான் எண்ணினேன். 26 பேர். மறுபடியும் எண்ணினேன். 26 பேரே. என் கையில் ஒப்புக்கொடுக்கப்பட்ட அந்தப் பாட்டியம்மாளின் பேரன் இல்லை.

அடுத்த நிறுத்தமாகிய காவூரில் எல்லோரும் இறங்கினோம். மற்ற இரு ஆசிரியர்களும் பிள்ளைகளை நடைமேடையின் சுவரோரம் உட்கார வைத்தார்கள். நான் எதிர்ப்புற நடைமேடைக்கு ஓடி, திரும்பும் ரயிலைப் பிடித்தேன். அந்த ஒரு நிறுத்தத்துக்குள் நான் ஏறெடுத்த ஜெபம் எந்த உபவாச ஜெபத்திலும் ஏறெடுத்ததல்ல. தெர்மினியில் படியேறி மறுபுறம் இறங்கினபோது, அவன் நாங்கள் விட்டுவந்த அதே இடத்தில், பெயர்ப்பலகையின் கீழ், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். ஷூவின் கயிற்றைக் கட்டக் குனிந்தானாம். நிமிர்ந்து பார்த்தபோது கதவு மூடியிருந்ததாம். மொத்தம் பதினொரு நிமிடங்கள்.

"ஏன் அழவில்லை?" என்று கேட்டேன். "விட்டுப்போனால் அதே இடத்தில் நிற்க வேண்டும், மிஸ் திரும்பி வருவார்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்" என்றான். கொல்கத்தாவில் புறப்படும் முன் மூன்று முறை சொல்லிக் கொடுத்த விதி அது. பிள்ளை தன் பங்கைச் சரியாகச் செய்தான். தவறியவள் நான். எண்ண வேண்டிய இடத்தில் நான் கேள்வி கேட்டேன். கேள்விக்குக் கூட்டம் பதில் சொல்லும். கூட்டத்தில் இல்லாதவன் பதில் சொல்ல மாட்டான் அல்லவா?

லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் யோசேப்பும் மரியாளும் பன்னிரண்டு வயதான இயேசுவை எருசலேமில் விட்டுவிட்டு ஒரு நாள் பிரயாணம் வந்துவிட்டார்கள். அவர்கள் அன்பில்லாத பெற்றோரா? இல்லை. பிரயாணக்காரரின் கூட்டத்தில் எங்கேயாவது இருப்பார் என்று நினைத்தார்கள், அவ்வளவே. "யாரோடாவது இருப்பான்" என்னும் அந்த எண்ணம் இன்றைக்கும் பிள்ளைகளைத் தொலைக்கிறது. ஹவுரா நிலையத்தில் சென்னை மெயிலில் ஏறும்போது மூட்டைகளை இரண்டு முறை எண்ணுகிற நாம், பிள்ளைகளை எண்ணுகிறோமா?

அன்றிரவு அவன் என்னிடம், "மிஸ், அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம், பயப்படுவார்கள்" என்றான். எனக்கும் சொல்லாதிருக்க ஆசைதான். பிள்ளை பத்திரமாகக் கிடைத்துவிட்டான், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பிணை நின்றவர் கணக்கை மறைத்தால் அடுத்த முறை அவருடைய கையில் யார் பிள்ளையைக் கொடுப்பார்? தொலைபேசியில் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். தவறு என்னுடையது என்றும் சொன்னேன். அந்தத் தாய் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அவன் சாப்பிட்டானா?" என்று கேட்டார்கள்.

மறுநாள் முதல் கேள்வி கேட்பதை விட்டுவிட்டோம். பிள்ளைகளுக்கு ஒன்று முதல் 27 வரை எண் கொடுத்தோம். ஒன்பது பேருக்கு ஓர் ஆசிரியர் என்று பிரித்தோம். வாகனத்தில் ஏறுமுன் ஒரு முறை, ஏறியபின் ஒரு முறை, எண்ணைச் சொல்லச் செய்தோம். சிறு பிள்ளைகளைப் போல நடத்துகிறார்கள் என்று பெரிய பையன்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்

பெற்றோரே, பள்ளியின் சுற்றறிக்கையில் ஊர்ப்பெயர்கள் பெரிய எழுத்தில் இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியவைகள் அதில் இராது. ஆகவே இவைகளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, உடன் செல்லுகிறவர்கள் யார்? எத்தனை பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர்? பெண் பிள்ளைகள் தங்கும் தளத்தில் இரவில் ஆசிரியை இருப்பாரா? "பயண நிறுவனத்தார் பார்த்துக்கொள்ளுவார்கள்" என்பது இதற்கு விடையல்ல. அவர்கள் வண்டியையும் அறையையும் பார்ப்பார்கள். உங்கள் பிள்ளையின் முகத்தை அறிந்தவர் ஒருவர் வேண்டும்.

இரண்டாவது, பாஸ்போர்ட்டும் விசாவும். சிறுவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கோ 18 வயது நிறையும்வரைக்கோ செல்லும். இத்தாலி, கிரீஸ் ஆகிய ஷெங்கன் நாடுகளை விட்டுப் புறப்படும் நாளுக்குப் பிறகும் குறைந்தது மூன்று மாதம் அது செல்லத்தக்கதாயிருக்க வேண்டும். பெற்றோரின் சம்மதக் கடிதம் கட்டாயம். குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும். 12 வயது நிறைந்தவர்களிடம் கைரேகை எடுப்பார்கள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறார்களோ அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். இத்தாலியின் துணைத் தூதரகம் கொல்கத்தாவிலேயே இருக்கிறது.

மூன்றாவது, பணம். 2024 ஜூன் முதல் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஷெங்கன் விசாக் கட்டணம் 90 யூரோ. ஆனால் கல்வி நோக்கத்துக்காகச் செல்லும் பள்ளி மாணவர்களுக்கும் உடன் செல்லும் ஆசிரியர்களுக்கும் அக்கட்டணம் இல்லை என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் விசா விதிகளிலேயே எழுதியிருக்கிறது. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் மாத்திரம் தனி. அதுபோலவே இத்தாலியின் அரசு அருங்காட்சியகங்களிலும் கொலோசியத்திலும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு நுழைவுச்சீட்டு இலவசம்; முன்பதிவுக்குச் சிறு தொகை ஆகலாம். உங்களிடம் கேட்கும் தொகையில் இவைகளையும் சேர்த்திருக்கிறார்களா என்று மரியாதையோடு கேளுங்கள். வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும்போது வருமான வரியாக ஒரு பகுதியைப் பிடித்துச் செலுத்துவார்கள். கணக்குத் தாக்கல் செய்யும்போது அதை ஈடுசெய்யலாம். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

நான்காவது, சரீர சுகம். பிள்ளைக்கு இழுப்போ வலிப்போ ஒவ்வாமையோ இருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதிருங்கள். மருத்துவரின் சீட்டோடு மருந்தைக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டி வேறு ஊருக்குப் போய்விடலாம். தென் ஐரோப்பாவின் கோடை வெயிலை இலேசாக எண்ண வேண்டாம். 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வெப்ப அலையின் நாட்களில் ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றை நடுப்பகலில் மூடும்படி ஆயிற்று. ரோமின் தெருக்களில் ஏறத்தாழ 2,500 குடிநீர்க் குழாய்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு காலிப் புட்டி கையில் இருந்தால் தண்ணீருக்குக் காசு செலவில்லை.

ஐந்தாவது, ஆபத்து நேரம். அங்கேயும் அவசர எண் 112, இங்கேயும் 112, பிள்ளைக்கு மனப்பாடமாயிருக்கட்டும். நெரிசலான பேருந்துகளில் ஜேப்படித் திருடர் உண்டு. பாஸ்போர்ட் தொலைந்தால் காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்து, ரோமிலோ ஏதென்ஸிலோ உள்ள இந்தியத் தூதரகத்தை அணுக வேண்டும். அதற்கு நகல் அவசியம். ஒரு நகல் பிள்ளையிடமும், ஒன்று ஆசிரியரிடமும், ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கட்டும்.

பவுலுக்கும் துணை வேண்டியிருந்தது

இத்தனை கவலைக்கு நடுவே பிள்ளைகள் என்னதான் பார்த்தார்கள் என்று கேட்பீர்கள். கொலோசியத்தின் அருகே தீத்து இராயனின் வளைவு நிற்கிறது. கி.பி. 70-ல் எருசலேம் தேவாலயத்தைக் கொள்ளையிட்டுக் கொண்டுபோன ஏழு கிளைக் குத்துவிளக்கை ரோமப் போர்ச்சேவகர் தோளில் சுமந்து செல்வது அதன் உட்புறக் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. ஞாயிறு பள்ளியில் கேட்டது கல்லில் இருப்பதைக் கண்டு, எந்நேரமும் கைப்பேசியில் இருந்த ஒரு பெண் அதைப் பையில் வைத்துவிட்டு வெகுநேரம் அண்ணாந்து நின்றாள்.

ஏதென்ஸில் மார்ஸ் மேடைக்கு ஏறினோம். அது மண்டபமல்ல, மொட்டைப் பாறை. எண்ணற்ற பாதங்கள் பட்டு அதன் பழைய படிகள் கண்ணாடிபோல் வழுக்குகின்றன. பக்கத்தில் இரும்புப் படி போட்டிருக்கிறார்கள். அதில்தான் பிள்ளைகளை ஏற்றினோம். பவுல் அங்கே பேசிய பேச்சு கிரேக்க மொழியில் ஒரு வெண்கலப் பலகையில் பாறையின் அடியில் பதிக்கப்பட்டிருக்கிறது.

அங்கே நின்றபோது எனக்கு அப்போஸ்தலர் 17-ம் அதிகாரத்தில் இதுவரை கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. பவுல் அந்த நகரத்துக்குத் தனியே வரவில்லை. பெரோயாவில் கலகம் எழும்பியபோது சகோதரர் சிலர் அவரோடுகூட வந்து, ஏதென்ஸ் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்த பிறகே திரும்பினார்கள். அவர்களுடைய பெயர்கூட எழுதப்படவில்லை. பின்னொரு நாள் ரோமாபுரிக்குக் கைதியாகப் போகும் வழியில், அப்பியுபுரத்துக்கும் மூன்று சத்திரத்துக்கும் எதிர்கொண்டுவந்த சகோதரரைக் கண்டுதான் பவுல் தைரியமடைந்தார் (அப்போஸ்தலர் 28:15). அத்தனை பெரிய ஊழியருக்கே வழித்துணை தேவையாயிருந்தது என்றால், பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு தேவை! துணை போகிறவர்களின் பெயர் எங்கும் எழுதப்படாமல் போகலாம். அதனால் அவர்களுடைய வேலை சிறியதாகிவிடாது.

இந்நகரத்துத் தகப்பன் ஒருவர்

பிள்ளைகளைத் தென் ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்ற கொல்கத்தாக்காரர்கள் நாங்கள் முதலானவர்கள் அல்லர். 1862-ல் ஞானஸ்நானம் பெற்ற கோவின் சந்தர் தத் என்னும் வங்காளக் கனவான், தம் ஒரே மகனை 1865-ல் அடக்கம்பண்ணினார். 1869-ல் மனைவியோடும், அரு, தோரு என்னும் இரண்டு பெண்களோடும் கப்பலேறினார். அப்பொழுது இளையவளாகிய தோருவுக்கு வயது 13. கடல் கடந்தால் ஜாதிப் பிரஷ்டம் என்று உயர்குலத்தார் அஞ்சிய காலம் அது. பெண் பிள்ளைகளைக் கொண்டுபோவதோ கேள்விப்படாத காரியம். பிரான்சின் தென்கரையிலுள்ள பழமையான நீஸ் நகரத்தில் சில மாதம் தங்கி, அங்கே ஒரு பள்ளியில் இருவரையும் சேர்த்தார். பிறகு இங்கிலாந்து சென்று, 1873-ல் குடும்பமாகக் கொல்கத்தா திரும்பினார்கள்.

அடுத்த ஆண்டே அரு காசநோயால் இறந்தாள். தோரு, தான் கற்ற பிரெஞ்சு மொழியிலிருந்து கவிதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1876-ல் பவானிபூர் அச்சகம் ஒன்றில் புத்தகமாக வெளியிட்டாள். அதில் அக்காள் பெயர்த்த சில கவிதைகளையும் சேர்த்தாள். 1877 ஆகஸ்டு 30 அன்று அவளும் 21 வயதில் அதே நோயால் மரித்தாள். மாணிக்தலாவிலுள்ள கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் அவள் கல்லறை இருக்கிறது. இந்தியாவின் ஆங்கிலக் கவிஞர்களைக் குறித்து எழுதுகிறவர்கள் இன்றும் அவளை நினைவுகூருகிறார்கள்.

அந்தத் தகப்பன் தம் பிள்ளைகளுக்குக் கொடுத்தது அயல்தேசத்துக் காட்சிகளை மாத்திரமல்ல. அவர் அவர்களோடுகூடவே இருந்தார். கூட வாசித்தார், கூட நடந்தார். தோருவின் மரணத்துக்குப் பிறகு அவளுடைய எழுத்துப் பிரதிகளைத் தேடி எடுத்து அச்சேற்றியவரும் அவரே. அவரிடம் செல்வம் இருந்தது, ஆகவே நீஸுக்குப் போக முடிந்தது. ஆனால் கூட இருப்பதற்குச் செல்வம் வேண்டுமா?

போகாத பிள்ளைகள்

இனி, எனக்கு வெட்கத்தை உண்டாக்கின ஒன்றைச் சொல்ல வேண்டும். பயணம் முடிந்து பள்ளி திறந்த வாரத்தில், போய் வந்தவர்கள் வகுப்பில் படங்களைக் காட்டினார்கள். ஒரே சிரிப்பும் ஆரவாரமும். அந்த வகுப்பில் சரித்திரப் பாடத்தில் எப்போதும் முதலில் கை தூக்குகிற ஒரு பெண் உண்டு. அவளுடைய தாய் தையல் வேலை செய்கிறவர்கள். அன்றைக்கு அவள் கை தூக்கவில்லை. அடுத்த வாரமும் தூக்கவில்லை. 27 பேரைக் காலையும் மாலையும் எண்ணினேன். போகாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று நான் ஒரு முறைகூட எண்ணியதில்லை.

அந்த மாதமே ஒரு சனிக்கிழமை, போனவர்களையும் போகாதவர்களையும் சேர்த்துக் கொல்கத்தாவுக்குள்ளேயே ஒரு பயணம் அழைத்துச் சென்றேன். டிராம் பணிமனைக்கு அருகே, 1920-களில் கிரேக்க வணிகர்கள் கட்டிய காளிகாட் கிரேக்க ஆலயத்தைப் பார்த்தோம். ஏதென்ஸ் நகரத்தவரான திமித்ரியோஸ் கலானோஸ் என்பவர், இங்கிருந்த கிரேக்க வணிகரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க 1786-ல் கொல்கத்தாவுக்கு வந்ததையும், பிறகு காசிக்குச் சென்று சமஸ்கிருதம் கற்று 1833-ல் அங்கேயே மரித்ததையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அங்கிருந்து ஸ்ட்ராண்டு சாலைக்குப் போய், 1840-களில் கட்டி முடித்த மெட்காஃப் மாளிகையின் 30 தூண்களை எண்ணினோம். ஏதென்ஸிலுள்ள காற்றுகளின் கோபுரம் என்னும் பழங்கட்டடத்தின் தூண்களை மாதிரியாகக் கொண்டு அவை எழுப்பப்பட்டவை.

"நீங்கள் அந்தக் கோபுரத்தைப் பார்த்தீர்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள். போய் வந்தவர்களில் ஒருவருக்கும் நினைவில்லை. எனக்கும் நினைவில்லை. பிறகு ஒரு பையனுடைய படத்தின் ஓரத்தில், ஐஸ்கிரீமுக்குப் பின்னால், அது நின்றுகொண்டிருந்தது. கண்டுபிடித்தவள் அவள்தான். அடுத்த வாரம் வகுப்பில் அவள் கை மறுபடியும் உயர்ந்தது. ஒரு சனிக்கிழமை எல்லாக் காயத்தையும் ஆற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தன்னையும் எண்ணியிருக்கிறார்கள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது.

சகோதரருக்குச் சொன்ன பதில்

அடுத்த ஞாயிறு அந்தச் சகோதரரிடம் மூன்று காரியங்கள் சொன்னேன். ஒன்று, நகையை அடகு வைக்க வேண்டாம். பத்து நாள் பயணத்துக்காக இரண்டு ஆண்டு வட்டி கட்டும் வீட்டில், அந்தப் பாரம் கடைசியில் பிள்ளையின் தோளில்தான் விழும். இரண்டு, வெட்கப்படாமல் பள்ளித் தலைமையைச் சந்தித்து, தவணையோ உதவித்தொகையோ உண்டா என்று கேளுங்கள், கேட்பது பிச்சையல்ல. மூன்று, கிடைக்காவிட்டால் பொய்க் காரணம் சொல்லாமல், நம்மிடம் அவ்வளவு பணமில்லை என்று மகளை உட்கார வைத்துச் சொல்லுங்கள். பதினான்கு வயதுப் பிள்ளை உண்மையைத் தாங்கும், மறைக்கப்பட்டதைத் தாங்காது.

அவர் கேட்டார். பள்ளி தவணைக்கு இசைந்தது, தொகையைக் குறைக்கவில்லை. கணக்குப் பார்த்தபோது அதுவும் எட்டவில்லை. மகளிடம் சொன்னார். அவள் இரண்டு நாள் அழுதாள்; அதை உங்களிடம் நான் மறைக்கவில்லை. மூன்றாம் நாள் தகப்பனிடம், "அப்பா, அவர்களிடம் கேட்டீர்களே, அது போதும்" என்றாளாம். இந்த ஆண்டு எங்கள் சனிக்கிழமைப் பயணத்தில் அவளும் வருகிறாள்.

அருமையான வாசகர்களே, நம்மில் சிலர் ஆசிரியர்கள், சிலர் ஞாயிறு பள்ளி நடத்துகிறவர்கள், சிலர் வாலிபர் முகாமுக்காகப் பிள்ளைகளை தீகாவுக்கோ பூரிக்கோ பேருந்தில் அழைத்துச் செல்லுகிறவர்கள். ரோமாபுரியானாலும் தீகா கடற்கரையானாலும் பொறுப்பு ஒன்றே. வண்டி புறப்படுமுன் "எல்லோரும் வந்தாயிற்றா?" என்று கேளாதிருங்கள், எண்ணுங்கள். தவறு நேர்ந்தால் அன்றைக்கே பெற்றோரிடம் சொல்லுங்கள். பணமில்லாததினால் வீட்டிலிருந்துவிட்ட பிள்ளையின் பெயரையும் உங்கள் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டிலிருந்து பிள்ளை ஒன்று புறப்படும்போது, அதன் கையைப் பிடித்து உடன் செல்லுகிறவரின் கையில் வையுங்கள். அந்தப் பாட்டியம்மாள் சொன்ன வார்த்தையைச் சொல்லுங்கள். அதைக் கேட்டவர் எளிதில் மறக்க மாட்டார். நான் மறக்கவில்லை.

நம் பிள்ளைகளின் போக்கையும் வரத்தையும் ஆண்டவர் காத்தருளுவாராக. ஆமென்.